‘வேணும்னு செய்யலீங்க’: நான் யார், நான் செய்தது எது என்று யோசிக்கையில் சறுக்கும் இடங்கள்

அப்பாரு வாங்கிப் போட்ட விசைத்தறி ஒன்று பல்லடம் பக்கத்தில் எங்கள் தறிக்குடோனில் நாற்பது வருசம் ஓடியது. மோட்டார் மூன்று முறை மாறியது. பெல்ட், பல்சக்கரம், நாடா, மரச்சாமான் எல்லாம் மாறின. பழைய இரும்புக்காரர் எடை போட வந்த அன்று அப்பா சொன்னார்: “எங்கய்யன் வாங்குன தறிங்க, பாத்து ஏத்துங்க.” அப்பாரு கை வைத்ததாக மிஞ்சியிருந்தது இரும்புச் சட்டம் மட்டும்தான். அப்புறம் எப்படி அது அதே தறி?

ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றிய பழங்கதை வீரன் தீசியசின் கப்பலைப் பற்றி, ஏறக்குறைய 1900 வருசத்துக்கு முன்பே கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த கேள்வி இது. இதில் முதல் சறுக்கல் ‘அதே’ என்ற சொல்லில் இருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் ‘அதே சேலை’ கட்டி வந்தால் சேலை இரண்டு. அம்மா முகூர்த்தத்துக்குக் கட்டிய அதே சேலையை மகள் கட்டினால் சேலை ஒன்று. ஒரே மாதிரி இருப்பது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. மனிதரிடமும் இப்படித்தான். “திருப்பூர் போனதிலிருந்து அவன் ஆளே மாறிட்டான்” என்கிறோம். மாறியது குணம். அவன் வாங்கிய கடன் இன்னும் அவன் பேரில்தான் இருக்கிறது, அதை வேறு யாரிடமும் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது தவறு எனக்கு வலித்த ஒன்று. கடைசி இரண்டு வருசம் எங்கள் ஆத்தாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, “இது இப்ப உங்க ஆத்தாவே இல்லீங்க” என்றார்கள், ஆறுதலாகத்தான். நினைவு போனால் ஆள் போயாயிற்று என்பது பலருக்குக் கேள்வியே இல்லாத முடிவு. இதற்கு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. 1694-இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், உணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கி எட்டுகிறதோ அவ்வளவு தூரம் அதே ஆள் என்றார் லாக். ஆனால் ‘ஆள்’ என்பது வழக்காடும் இடத்துச் சொல் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். பாராட்டையும் தண்டனையையும் யாரிடம் சேர்ப்பது என்பதே அவர் தேடியது. கட்டிலில் கிடப்பவர் யார் என்ற கேள்விக்கு அதை அப்படியே பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

லாக் சொன்னதிலும் ஓட்டை உண்டு என்று 1785-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் காட்டினார். சிறுவன் ஒருவன் தோட்டத்தில் திருடி அடி வாங்குகிறான். வளர்ந்து படை அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பிடிக்கிறான். வயதானபின் தளபதியாகிறான். தளபதிக்குக் கொடி பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அடி வாங்கியது மறந்துவிட்டது. கொடி பிடித்த வயதில் அந்த அடி ஞாபகம் இருந்தது. நினைவுதான் ஆள் என்றால் தளபதி அந்த அதிகாரி, அதிகாரி அந்தச் சிறுவன், ஆனால் தளபதி மட்டும் அந்தச் சிறுவன் இல்லை! கணக்கு உதைக்கிறது. ஆத்தா கையில் நூல் கண்டைக் கொடுத்தால் பேர் சொல்லத் தெரியாத அந்த விரல்கள் இழை அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டன. அது யாருடைய விரல் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

விதி பற்றிய தவறைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்ற அடியை மட்டும் எடுத்து, எல்லாம் நம் கையில் என்கிறார்கள். அதே புறநானூறு 192-ஆம் பாட்டில், ஆற்று நீர் போகும் வழியில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகும் என்றும் கணியன் பூங்குன்றனார் சொல்கிறார். அதிலிருந்து ‘சும்மா இரு’ என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று, மற்றவரை எடைபோடும் நம் பழக்கத்தின் மேல் கை வைக்கிறார்.

மூளை முன்பே முடிவு செய்துவிடுகிறது, நாம் செய்வதாக நினைப்பது பிரமை என்பது புதுக்கால விதிவாதம். 1983-இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையைக் காட்டுவார்கள். கை அசைவதற்கு அரை நொடிக்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்குகிறது, அசைக்கவேண்டும் என்ற எண்ணமோ 0.2 நொடிக்கு முன்புதான் தெரிகிறது. சரி. ஆனால் அங்கே செய்தது காரணமே இல்லாமல் கையை அசைப்பது. தறியை விற்பதா வேண்டாமா என்று மூன்று மாதம் வீட்டில் பேசி எடுத்த முடிவுக்கு அந்த அளவுகோலை எப்படி வைப்பது?

இனித்தான் தலைப்புக்கு வருகிறேன். பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊர் என்பார்கள். அவருடைய நன்னூலில், ‘செய்பவன் கருவி நிலம் செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே’ என்றொரு சூத்திரம். இலக்கணத்துக்காகச் சொன்னதுதான். ஆனாலும் செயல் என்றதும் செய்தவனின் மனசை மட்டும் பார்க்கும் நமக்கு இந்த ஆறு இடங்களும் உதவும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் குறையும், உப்பு போகாது. வருசக்கணக்கில் அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, கரையோரக் கிணறுகள் உப்பாகின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த நாட்களில் அடிக்கடி காதில் விழுந்த பேச்சு, “ஆத்தக் கெடுக்கோணும்னு யாருங்க வேணும்னு செய்வாங்க?”

அது உண்மைதான். ‘வேணும்னு செய்யல’ என்பதும் ‘தெரியாமச் செஞ்சேன்’ என்பதும் ஒன்று என்று நினைப்பதுதான் தவறு. தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் 1957-இல் எழுதிய நூலில் ஒருவன் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கிறான். அந்தத் தண்ணீரில் விசம் கலந்திருக்கிறது. கையை ஆட்டுகிறான், இறைக்கிறான், தொட்டியை நிரப்புகிறான், வீட்டாருக்கு விசம் கொடுக்கிறான். நான்கு விதமாகச் சொன்னாலும் செயல் ஒன்றே. விசம் இருப்பது தெரிந்தும், “கூலிக்கு இறைச்சேன், மத்தது என் வேலையில்ல” என்று அவன் சொன்னால், கொல்வது அவன் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம். அதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடுவதில்லை. கெடுக்க நினைத்தல், கெடும் என்று தெரிந்தே செய்தல், தெரியாமல் செய்தல் என்று மூன்று நிலை உண்டு. ஆற்று வழக்கில் பேச வேண்டியிருந்தது நடுவில் இருப்பதைப் பற்றி.

செய்பவன் என்ற இடத்திலும் ஒருவர் மட்டும் நிற்பதில்லை. தச்சன் கட்டிய கோயில், அரசன் கட்டிய கோயில் என்று இரண்டு விதமாகவும் சொல்கிறோம். இலக்கணத்தில் தச்சனை இயற்றுதல் கருத்தா என்றும் அரசனை ஏவுதல் கருத்தா என்றும் பிரிப்பார்கள். ராத்திரியில் வால்வைத் திறந்த கூலிக்காரர் உண்டு, திறக்கச் சொன்ன முதலாளி உண்டு, இன்னும் ரெண்டு ரூபாய் குறை என்று முதலாளியிடம் ஆர்டரைப் பேசி முடித்தவரும் உண்டு. அவரை எந்தக் கருத்தாவில் சேர்ப்பது என்று நானும் அப்பாவும் இன்றுவரை பேசி முடிக்கவில்லை.