வருமானம் கூடினால் ரீஃபண்டும் கூடுமா? வரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ எந்த ஆடிட்டர் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் இரண்டு கேள்விகளில் ஒன்று காதில் விழும். "பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்பதாயிரம் வந்திருக்கிறதாம், எனக்கு ஏன் சார் மூவாயிரம்தான்?" என்பது ஒன்று. "போன வருடத்தை விடச் சம்பளம் கூடியிருக்கிறதே, ரீஃபண்ட் ஏன் குறைந்தது?" என்பது இன்னொன்று. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவரே கேட்பதுண்டு.

ரீஃபண்ட் என்பது வருமானத்துக்கு அரசு தரும் பரிசு அல்ல. நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட வரியிலிருந்து உண்மையில் கட்ட வேண்டிய வரியைக் கழித்தால் மிஞ்சுவது. வருமானம் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. வருமானம் கூடினால் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்னதாகப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தமும் கூடலாம், கட்ட வேண்டிய வரியும் கூடலாம். இரண்டும் ஒரே வேகத்தில் கூடுவதில்லை. தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேக வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருபவை.

இனி வரும் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. வேறாகச் சொல்லாத இடங்களில் புதிய வரி முறைப்படி போடப்பட்டவை. அதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 60,000 ரூபாய் வரையிலான வரி தள்ளுபடி. சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிறவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. வரியின் மேல் 4 சதவீதம் செஸ் எனும் கூடுதல் வரி.

வருமானம் ஏற ஏற ரீஃபண்டும் ஏறும் என்ற நம்பிக்கை

இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. புதுச்சேரியில் தனியாகத் தொழில் செய்யும் கட்டட வடிவமைப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் நிறுவனங்கள் அவருடைய கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. அவர் உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுகிறார், அதாவது வாங்கிய கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டுகிறார். வேறு வருமானம் இல்லை.

ஆண்டுக் கட்டணம் 12 லட்சம் என்றால் பிடித்தம் 1,20,000. வருமானம் 6 லட்சம், வரி இல்லை, முழுத் தொகையும் திரும்பி வரும். கட்டணம் 24 லட்சம் ஆனால் பிடித்தம் 2,40,000. வருமானம் சரியாக 12 லட்சத்தில் நிற்பதால் அதுவும் முழுதாகத் திரும்பும். இதுவரை ஏறுமுகம்தான். கட்டணம் 30 லட்சம் ஆகும்போது பிடித்தம் 3 லட்சம், வருமானம் 15 லட்சம், செஸ் சேர்த்து வரி 1,09,200. ரீஃபண்ட் 1,90,800. கட்டணம் 50 லட்சம் என்றால் பிடித்தம் 5 லட்சம், வரி 3,43,200, ரீஃபண்ட் 1,56,800. 24 லட்சம் வாங்கியபோது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் சம்பாதித்தும் ரீஃபண்ட் எண்பதாயிரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இதில் நஷ்டம் எதுவும் இல்லை. பிடித்தம் ஒரே விகிதத்தில் போகிறது, வரி படிப்படியாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

இதே திட்டத்தில் இன்னொரு சறுக்கல் உண்டு. பாதி என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் எழுபது சதவீதம் என்றால் எழுபதைத்தான் காட்ட வேண்டும். ரீஃபண்ட் பெரிதாகத் தெரிகிறதே என்று பாதியோடு நிறுத்துகிறவர்கள் அதிகம்.

பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பு

இங்கேதான் நம் பக்கத்து ஓய்வூதியர்கள் அதிகம் மாட்டுகிறார்கள், ஆகையால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஆண்டு ஓய்வூதியம் 10,20,000. வங்கி வைப்புத்தொகைக்கு வட்டி 2,40,000. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அப்படி 24,000 பிடித்திருக்கிறது. நிலையான கழிவு போக மொத்த வருமானம் 11,85,000. வரி 58,500 வந்து, அது முழுவதும் தள்ளுபடியில் போய்விடுகிறது. ஆகவே 24,000 ரூபாயும் ரீஃபண்ட். மகிழ்ச்சியோடு கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் அவர் அஞ்சலகத்தில் மாதாந்திர வருமானத் திட்டத்தில் 4,50,000 போட்டிருக்கிறார். 7.4 சதவீதத்தில் மாதம் 2,775 ரூபாய், ஆண்டுக்கு 33,300. அதில் யாரும் வரி பிடிக்கவில்லை, அதனால் அது நினைவிலேயே இல்லை. சேமிப்புக் கணக்கில் வட்டியாக 8,700 ஏறியிருக்கிறது. பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரியாக வந்துபோகும் தொகை, யார் பார்க்கிறார்கள்? இரண்டும் சேர்ந்து 42,000. மொத்த வருமானம் 12,27,000 ஆகிறது.

12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். வரி 64,050. ஆனால் விளிம்பைச் சற்றே தாண்டியவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது. ஆகவே வரி 27,000, செஸ் 1,080, மொத்தம் 28,080. பிடித்தது 24,000தான். திரும்ப வர வேண்டிய 24,000 போய், கையிலிருந்து 4,080 கட்ட வேண்டியதாகிறது. 42,000 ரூபாய் வட்டி 28,080 ரூபாயை விழுங்கிவிட்டது.

12 லட்சத்துக்கும் ஏறத்தாழ 12,70,000க்கும் இடையில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் இப்படி வரிக்கே போகிறது. இந்த இடைவெளிக்குள் விழுபவர்கள் சில்லறை வட்டியைக்கூட விடாமல் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் வருமான வரித்துறை விடாது. ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் சேமிப்புக் கணக்கு வட்டி வரை எல்லாம் பதிவாகியிருக்கும். பின்னால் வரும் நோட்டீஸில் வரியோடு வட்டியும் சேர்ந்திருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் 15எச் படிவத்தில் ஒவ்வோர் ஏப்ரலிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது. மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்ற நிலையில்தான் அதைத் தரலாம். மேலே சொன்ன ஆசிரியை தந்திருந்தால் அது பொய் உறுதிமொழி. பிடித்தம் வராமல் இருக்க நான்கு வங்கிகளில் பிரித்துப் போடுவதும் பிடித்தத்தைத்தான் தவிர்க்கும், வரியை அல்ல. மூத்த குடிமகன் என்பதால் வரம்பு கூடுதல் என்ற நினைப்பும் பழைய முறைக்குத்தான் பொருந்தும். புதிய முறையில் வயதுக்குத் தனி வரம்பு இல்லை.

கைக்கு வந்ததையே வருமானமாகக் காட்டுவது

ஒரு லட்சம் கட்டணத்தில் பத்தாயிரம் பிடித்துக்கொண்டு தொண்ணூறாயிரம் வங்கிக்கு வருகிறது. கணக்கில் தொண்ணூறாயிரம் என்று எழுதிவிட்டு, பத்தாயிரத்தை டிடிஎஸ் என்று கேட்கிறார்கள். வருமானம் ஒரு லட்சம். பிடித்த தொகையும் உங்கள் வருமானம்தான், உங்கள் பெயரில் அரசிடம் போயிருக்கிறது. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் முழுத் தொகையும் இருக்கும்போது நீங்கள் குறைத்துக் காட்டினால் ரீஃபண்ட் நின்றுவிடும். எந்த வருமானத்தைக் காட்டுகிறீர்களோ அதற்குரிய பிடித்தத்தைத்தான் கேட்க முடியும்.

கணவன், மனைவி கூட்டுக் கணக்குகளிலும் இதே தகராறு. பணம் மனைவியுடையது, பிடித்தம் முதல் பெயராக இருக்கும் கணவரின் பான் எண்ணில். வட்டியை ஒருவர் காட்டிவிட்டுப் பிடித்தத்தை இன்னொருவர் கேட்டால் பொருந்தாது. டெபாசிட் போடும் நாளிலேயே யாருடைய பணமோ அவர் பெயரை முதலில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நடு ஆண்டில் வேலை மாறியவர்கள்

கடலூர் சிப்காட்டில் ஐந்து மாதம், மாதம் 80,000. பிறகு புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் ஏழு மாதம், மாதம் 1,40,000. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 9,60,000 என்று கணக்கிட்டு எதுவும் பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனம் தான் தரும் 9,80,000 மட்டுமே வருமானம் என்று எண்ணி அதுவும் பிடிக்கவில்லை. இரண்டு நிறுவனமும் தந்த படிவம் 16 எனும் சம்பள, வரிச் சான்றிதழ்களிலும் வரி பூஜ்யம். இரண்டையும் சேர்த்தால் 13,80,000. இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கழித்த 75,000 ஒருமுறைதான் செல்லும். மீதி 13,05,000க்கு வரி, செஸ் சேர்த்து 78,780. அதோடு முன்கூட்டிய வரி கட்டாததற்கு மாதம் ஒரு சதவீத வட்டி. புதிய நிறுவனத்தில் சேர்ந்தவுடன் பழைய சம்பள விவரத்தை எழுதிக் கொடுத்தால் அவர்களே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். பழைய சம்பளம் தெரிந்துவிடுமே என்ற தயக்கத்தில் பலர் கொடுப்பதில்லை.

எல்லா வருமானத்துக்கும் தள்ளுபடி உண்டு என்று எண்ணுவது

பங்குச் சந்தையில் ஓராண்டுக்குள் வாங்கி விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் தனி வரி. புதிய முறையில் 12 லட்சத் தள்ளுபடி இந்த வரியைத் தொடாது. சம்பளம் கழிவு போக 7 லட்சம், பங்கு லாபம் 1 லட்சம் என்றால் சம்பளத்துக்கு வரி இல்லை, லாபத்துக்கு 20,800 உண்டு. மொத்தம் 8 லட்சம்தானே, டிடிஎஸ் முழுவதும் திரும்பும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்தான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் இரண்டையும் கூட்டுவார்கள். கடை வருமானம் 14 லட்சம், தோப்பு வருமானம் 4 லட்சம் என்று இருந்தால், தோப்பைக் காட்டாவிட்டால் வரி 93,600. காட்டினால் 1,45,600. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து தள்ளுபடி கிடைப்பவருக்கும், இப்படிக் கணக்கிட்ட வரி 60,000 ரூபாயைத் தாண்டாத வரைதான் பாதிப்பு வராது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும் ஆலையின் லாபம் விவசாயம் அல்ல, தொழில். அதையும் தோப்புக் கணக்கில் சேர்த்துவிடுவோர் உண்டு.

பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வாங்கும் புதுச்சேரிக் குடும்பங்களின் கணக்கு இரு நாட்டு ஒப்பந்தத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது. அதை இந்தக் கட்டுரையை வைத்துப் போட வேண்டாம்.

பழைய முறையை நம்பி இருப்பவர்கள்

வீட்டுக் கடன் வட்டி, வாடகைப் படி என்று கழிவுகள் நிறைய இருந்தால் பழைய முறை இன்னும் லாபம் தரலாம். ஆனால் சம்பளக்காரர் அதைத் தேர்ந்தெடுப்பதென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் புதிய முறைதான், எதிர்பார்த்த ரீஃபண்ட் கரைந்துவிடும். புதிய முறையில் இருந்துகொண்டு எல்ஐசி பிரீமியம் ரசீதைக் கொண்டுவருவதில் பயனில்லை.

வாடகைப் படியில் உள்ளூர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சென்னை நிறுவனத்தில் வேலை, கடலூரிலோ புதுச்சேரியிலோ வாடகை வீடு. அலுவலகம் சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீத வரம்பை எடுத்துக்கொள்கிறார்கள். வீடு இருக்கும் ஊரைத்தான் பார்க்க வேண்டும், நம் ஊர்களுக்கு 40 சதவீதம்தான்.

அரசு ஊழியர்களுக்குச் சம்பள நிலுவை மொத்தமாக ஒரே ஆண்டில் வந்தால் அந்த ஆண்டு வருமானம் வீங்கிவிடும். பழைய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு நிவாரணம் கேட்கலாம். ஆனால் அதற்கான 10இ படிவத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வரிசை மாறினால் நிவாரணம் மறுக்கப்படும்.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று வருபவர்கள்

இவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. வருகிற தொகையில் பங்கு என்று பேசி, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு, குடியிருக்காத வாடகை வீடு எல்லாவற்றையும் எழுதி வருமானத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். பணமும் சில வாரத்தில் வந்துவிடும், அதனால் உறவுக்காரர்களுக்கும் சிபாரிசு போகும். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. வருமானத்தைத் தவறாகக் காட்டினால் ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம். அது தரகர் தலையில் விழாது, பான் எண் யாருடையதோ அவர் தலையில் விழும்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராமல் நிற்பதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. தாக்கல் செய்த 30 நாளுக்குள் மின்வழிச் சரிபார்ப்பு முடிக்காதது, பான் ஆதாருடன் இணையாதது, வங்கிக் கணக்குப் பெயரும் பான் பெயரும் ஒத்துப்போகாதது. பழைய ஆண்டு வரிப் பாக்கி இருந்தால் அறிவிப்பு அனுப்பிவிட்டு அதில் கழித்துக்கொள்வார்கள்.

கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு டிடிஎஸ் ரீஃபண்டோடு மாதம் அரை சதவீத வட்டியும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு வரும். ரீஃபண்ட் தொகை கட்ட வேண்டிய வரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் இந்த வட்டி கிடையாது. வந்த ரீஃபண்டுக்கு வரி இல்லை, வட்டிக்கு உண்டு. பணம் வந்த ஆண்டின் வருமானத்தில் அதைச் சேர்க்க வேண்டும், அடுத்த ஆண்டு ஏஐஎஸ் அறிக்கையில் அது தனியாகப் பதிவாகியிருக்கும்.