கேம் லாஞ்ச் லைவ்: மலையில இருந்து பாக்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல், பூம்பாறைன்னு மலையில உக்காந்துக்கிட்டு புது கேம் லாஞ்சை லைவா பாக்க ஆசைப்படுறவங்களுக்குத்தான் இது. கீழ கோயமுத்தூர்ல இருக்குறவங்களுக்கு லிங்கை அமுக்கினா முடிஞ்சது வேலை, நமக்கு கரண்டு, டவர், மழை, குளிர் எல்லாம் ஒத்து வரணும், அதனால முந்தின நாளே சில விஷயத்தை பாத்து வச்சுக்கணும்.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, 'லைவ்'னு போட்டிருந்தா எல்லாமே ஒண்ணுதான்னு நினைக்கிறது. ட்ரைலர், டெவலப்பர் பேச்சுன்னு யூடியூப்ல ஓடுற ஷோ மறுநாளும் அங்கேயேதான் இருக்கும், கரண்டு போனா போகுது, காலைல டீ குடிச்சுக்கிட்டே பாக்கலாம். கேமுக்குள்ளயே நடக்குற ஈவென்ட் அப்படி இல்ல, விட்டா விட்டதுதான், அப்புறம் அடுத்தவங்க ரெக்கார்டு பண்ண வீடியோவைத்தான் பாக்கணும். 2019 அக்டோபர்ல ஃபோர்ட்நைட்ங்கற ஆன்லைன் கேமோட மேப்பையே ஒரு கருந்துளை விழுங்குச்சே, அந்த நேரத்துல உள்ள போக முடியாதவங்களுக்கு கடைசில ஸ்க்ரீன்ல கருப்புதான் மிச்சம். 2020 ஏப்ரல்ல அதே கேமுக்குள்ள அமெரிக்க ராப் பாடகர் ட்ராவிஸ் ஸ்காட்டோட ஷோவை வேற வேற நேரத்துல அஞ்சு தடவை வச்சாங்க, முதல் தடவையே ஒரே சமயத்துல 1 கோடியே 23 லட்சம் பேர் உள்ள இருந்தாங்கன்னு ஃபோர்ட்நைட் கம்பெனி எபிக் சொன்னாங்க. இந்த மாதிரி கூட்டத்துல சரியான நேரத்துக்குப் போய் லாகின் பண்ணா இடம் கிடைக்காது, அரை மணி நேரம் முன்னாடியே உள்ள போய் நிக்கணும். அதோட அப்டேட். விளையாடுறதுக்கு பெருசா டேட்டா ஆகாது, ஆனா ஈவென்டுக்கு முன்னாடி வர்ற அப்டேட் பல ஜிபி இருக்கும், அதை கடைசி நேரத்துல மொபைல் நெட்ல இறக்கலாம்னு விட்டா அன்னைக்கு ஈவென்ட் அவ்வளவுதான். அதனால இன்வெர்ட்டர் சார்ஜ், டேட்டா, தூக்கம் எதை மிச்சம் பிடிச்சாலும் கேமுக்குள்ள நடக்குற இந்த ரெண்டாவது வகைக்காக பிடிங்க.

அடுத்தது நேரம். அமெரிக்கக்காரங்க பசிபிக் டைம்னு போடுவாங்க. நமக்கும் அதுக்கும் கோடையில 12.30 மணி நேரம், குளிர்காலத்துல 13.30 மணி நேரம் வித்தியாசம். மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையும் நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமையும் அவங்க கடிகாரத்தை மாத்துறதால, போன தடவை பாத்த நேரத்தை வச்சு அலாரம் வச்சா ஒரு மணி நேரம் தப்பிடும். தேதியும் மாறும், இதுல ஏமாறுறவங்கதான் அதிகம். ஜூன்ல புது கேம்களை அறிவிக்கிற சம்மர் கேம் ஃபெஸ்ட் ஷோ அங்க மதியம் 2 மணின்னா நமக்கு மறுநாள் விடியக்காலை 2.30. டிசம்பர்ல கேம்களுக்கு விருது குடுக்குற கேம் அவார்ட்ஸ் அங்க வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணி, நமக்கு வெள்ளிக்கிழமை காலை 6.30, வெளிய புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்குற நேரம். ஜப்பான் கம்பெனிங்க அவங்க ஊர் நேரத்தை போட்டா கவலையில்ல, ஜப்பான் கடிகாரம் மாறவே மாறாது, எப்பவும் நம்மள விட 3.30 மணி நேரம் முன்னாடி.

காலை 6.30க்கு டவர் காலியா இருக்கும், நெட் நல்லா வரும். ஜப்பான் கேம் கம்பெனி நிண்டென்டோ நடத்துற 'நிண்டென்டோ டைரக்ட்' ஷோ மாதிரி நம்ம ஊர் சாயங்கால நேரத்துல வர்றதுதான் சிக்கல், ஊரே ஒரே டவர்ல தொங்கும், மே சீசன்னா கேக்கவே வேணாம், இ-பாஸ் வந்த பிறகும் கூட்டம் கூட்டம்தான். அப்ப வீடியோ குவாலிட்டியை 'ஆட்டோ'ல விடாதீங்க, நீங்களே 480ல வைங்க. அது விட்டு விட்டு ஏறி இறங்கி சுத்திக்கிட்டே இருக்குறதுக்கு இது எவ்வளவோ மேல். இன்னொண்ணு, ஷோ ஆரம்பிச்சதும் ஒரு நிமிஷம் பாஸ் போட்டுட்டு அப்புறம் பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்கான வீடியோ முன்கூட்டியே இறங்கி நிக்கும், சின்ன சின்ன சிக்னல் கோளாறு தெரியவே தெரியாது. பக்கத்துல ஓடுற லைவ் சாட் பெட்டியை மட்டும் மூடி வச்சிருங்க, இல்லன்னா நீங்க பாக்குறதுக்கு முன்னாடியே அங்க இருக்குறவங்க கத்திருவாங்க.

1080ல பாத்தா மணிக்கு ரெண்டு மூணு ஜிபி கூட போகும். தினம் 1.5 ஜிபி பேக் வச்சிருக்குறவங்களுக்கு ராத்திரி 12 மணிக்குத்தான் புது கோட்டா விழும், 2.30 ஷோவுக்கு அதை காலி பண்ணிட்டா விடிஞ்சு ஆன்லைன் கிளாஸுக்கோ ஆபீஸ் வேலைக்கோ ஒண்ணும் மிஞ்சாது.

கரண்டு விஷயத்துல ரௌட்டரை மறந்துடுறாங்க. லேப்டாப்ல சார்ஜ் இருக்கும், ரௌட்டர் செத்துக் கிடக்கும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு போட்டா சில மணி நேரம் தாங்கும். காத்து மழையில கற்பூர மரக் கிளை லைன் மேல விழுந்துச்சுன்னா எப்ப கரண்டு வரும்னு யாருக்கும் தெரியாது, ஜூன்ல கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்குறவங்களுக்கும் ஐப்பசி மழைல குன்னூர் பக்கம் இருக்குறவங்களுக்கும் இதை சொல்லவே தேவையில்ல. பகல்ல ஷட்டவுன் இருந்த நாள்ல இன்வெர்ட்டர் பாதி காலியாத்தான் இருக்கும்ங்கறதையும் கணக்குல வைங்க.

போன் ஹாட்ஸ்பாட் நம்புறவங்க பண்ற தப்பு வேற. எங்க பக்கத்து வீட்டு தம்பி சிக்னல் நல்லா வருதுன்னு டிசம்பர் காலைல போனை ஜன்னல் கம்பிக்கு வெளிய திட்டுல வச்சுட்டு உள்ள கம்பளிக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தான், 30 சதவீதம் காட்டுன போன் பட்டுனு ஆஃப் ஆயிடுச்சு. பேட்டரி காலியாகல, குளிர்ல லித்தியம் பேட்டரியோட வோல்டேஜ் இறங்கிடும், அவ்வளவுதான். கைக்குள்ள வச்சு சூடு பண்ணி ஆன் பண்ணா அதே 30 சதவீதத்துக்கு பக்கத்துல காட்டுச்சு, ஆனா அவன் பாக்க நினைச்ச ட்ரைலர் முடிஞ்சிருந்துச்சு. கண்ணாடிக்கு உள்பக்கமா வச்சு, சார்ஜர்லயோ பவர் பேங்க்லயோ மாட்டி, மேல ஒரு துணி போடுங்க.

எஸ்டேட் லைன் வீட்டுல இருக்குறவங்க விடியக்காலை ஷோவுக்கு ஹெட்செட் கண்டிப்பா போடுங்க. நடுவுல ஒரே சுவர், அந்தப் பக்கம் படுத்திருக்குற அக்கா காலைல இலை பறிக்கப் போகணும்.

போலி லைவ் பத்தி ஒரு விஷயம், இதை தயவுசெஞ்சு தம்பி தங்கச்சிங்களுக்கும் சொல்லுங்க. பெரிய லாஞ்ச் அன்னைக்கு யூடியூப்ல தேடினா அதே பேர், அதே லோகோவோட வேற சேனல்கள் வந்து நிக்கும், சிலது ஹேக் பண்ண சேனலா இருக்குறதால லட்சக்கணக்குல சப்ஸ்கிரைபர் கூட காட்டும். ஓரத்துல க்யூஆர் கோடு போட்டு, காசு அனுப்பினா ரெட்டிப்பா வரும், ரிலீசுக்கு முன்னாடியே விளையாடுற 'பீட்டா கீ' ஃப்ரீன்னு சொன்னா உடனே வெளிய வாங்க. கேம் கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் அங்க இருக்குற லிங்கை மட்டும் அமுக்குங்க. ட்விட்ச்ங்கற கேம் லைவ் தளத்துல, பாக்குறவங்களுக்கு கேமுக்குள்ள குடுக்குற 'ட்ராப்ஸ்' பரிசு வேணும்னா கேம் அக்கவுன்டை முன்னாடியே இணைச்சு வைங்க, பாத்து முடிச்சதும் க்ளெய்ம் பட்டனையும் அமுக்கணும்.

ஷோ முடிஞ்ச சூட்டோட ப்ரீ-ஆர்டர் போடுறதும் வேணாம். சைபர்பங்க் 2077ங்கற கேமுக்கு எவ்வளவு ட்ரைலர், எவ்வளவு எதிர்பார்ப்பு, 2020 டிசம்பர்ல வந்த ஒரே வாரத்துல சோனி தன்னோட ப்ளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில இருந்தே அதை எடுத்துட்டாங்க. வாங்கித்தான் ஆகணும்னா ஸ்டீம்ங்கற கம்ப்யூட்டர் கேம் ஆன்லைன் கடையில வாங்குங்க, ரிலீசுக்கு முன்னாடி எப்ப வேணா காசை திரும்பக் கேக்கலாம், ரிலீஸ் ஆன பிறகும் 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா கேக்கலாம். ரிலீசுக்கு முன்னாடியே கேமை இறக்கி வைக்கிற 'ப்ரீலோடு' வசதி குடுத்திருந்தா அதை தவற விடாதீங்க. 100 ஜிபி கேம், 40 எம்பிபிஎஸ் லைன்ல அஞ்சரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ்னா 22 மணி நேரத்துக்கு மேல. முந்தின ராத்திரி படுக்கும்போதே போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாத மாதிரி செட்டிங்கை மாத்திட்டுப் படுங்க.