எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்கும்போது ‘ஃபிஷிங் எக்ஸ்பெடிஷன்’ என்ற ஆட்சேபத்தைத் தவிர்ப்பது எப்படி?

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்திலோ பினாங்கு உயர் நீதிமன்றத்திலோ எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிப்பவர், ‘இது வெறும் ஃபிஷிங் எக்ஸ்பெடிஷன்’ என்ற மறுப்பை எதிர்பார்த்தே ஆக வேண்டும். என்ன சிக்கும் என்று தெரியாமல் வலையை வீசிவிட்டு, சிக்கியதை வைத்துக் குற்றச்சாட்டை அமைத்துக்கொள்ளும் முயற்சியையே அந்தச் சொல்வழக்கு குறிக்கிறது.

இந்த அச்சம் பழையது. 1762இல் லண்டனில் ஜான் என்டிக் என்பவரின் வீட்டுக்குள் அரசாங்க ஆட்கள் புகுந்து, காகிதங்களையெல்லாம் புரட்டி எடுத்துச் சென்றார்கள்; அத்தகைய தேடுதலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1765இல் தீர்ப்பானது.

மலேசியாவில் உரிமையியல் வழக்குகளில் எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதற்கு 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 24ஆவது ஆணை பொருந்தும். விண்ணப்பிக்குமுன் முதலில், வழக்கு மனுவையும் எதிர்வாதத்தையும் அருகருகே வைத்து, எந்தப் பிணக்கை அந்த ஆவணம் தீர்க்கும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கோரிக்கையை விட்டுவிடுவதே நல்லது.

பினாங்கில் மளிகைக் கடை நடத்தும் இரு பங்காளிகளுள் ஒருவர், 2022இல் சரக்குப் பணம் திசைமாறியதாக மற்றவர்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பத்தாண்டு வங்கிக் கணக்குகள் அனைத்தும், அவருடைய மனைவியின் கணக்கும் வேண்டும்’ என்று அவர் கேட்டால், அது வலைவீச்சேதான். ‘2022 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடைக் கணக்கிலிருந்து சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் போனதைக் காட்டும் அறிக்கைகள்’ என்று கேட்டால், காலமும் கணக்கும் காரணமும் தெளிவாகிவிடுகின்றன. அந்த ஆவணம் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது அல்லது முன்பு இருந்தது என்று நம்புவதற்கான ஆதாரத்தை, ஒரு பற்றுச்சீட்டோ வாட்ஸ்அப் செய்தியோ ஆனாலும், சத்தியப் பிரமாணப் பத்திரத்துடன் இணைப்பது மிக முக்கியம். பெரும்பாலான கோரிக்கைகளின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கை நியாயமாக முடிக்கவோ செலவைக் குறைக்கவோ அந்த ஆவணம் அவசியமில்லை என்று கருதினால், நீதிமன்றம் விண்ணப்பத்தை மறுத்துவிடும்.

விண்ணப்பம் உங்களுக்கு எதிராக வந்திருந்தாலும் இதே அளவுகோல்தான். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வது போதாது. அந்தக் கூக்குரலைக் காட்டி, எதிர்த்தரப்பு அடிப்படை உண்மைகளை விசாரிப்பதைத் தடுத்துவிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் ஹிக்மன் வழக்கில் கூறியது. நம் நாட்டை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே எந்தப் பகுதி அளவுக்கு மீறியது, எந்தக் காலம் வழக்குக்கு வெளியே நிற்கிறது என்று பிரித்துக் காட்டி, தரக்கூடியதைத் தர முன்வருவதாகப் பிரமாணப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லி உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்.