டிவிடி செருக ஆள் இல்லாத சர்வரில் ஐஎஸ்ஓ வைத்து சாஃப்ட்வேர் போடுவது

நான் இருப்பது மதுரையில். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் இருப்பது சென்னையில், இன்டர்நெட்டே இல்லாத ஒரு உள்வலையில். ஓஎஸ் ஆல்மாலினக்ஸ் 9. அங்கே ஒரு சின்ன பேக்கேஜ் போட வேண்டும் என்றாலும் ஐஎஸ்ஓ ஃபைல்தான் வழி, அதாவது ஒரு முழு டிவிடியை அப்படியே ஒரே ஃபைலாக்கியது. கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டுவது உங்கள் கை.

முதலில் ஒரு விஷயம். சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் ஐடிராக், ஐஎல்ஓ போன்றவற்றில் விர்ச்சுவல் மீடியா என்று ஒன்று இருக்கும். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஐஎஸ்ஓவை, சர்வரில் டிவிடி செருகியது போலக் காட்டும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் சர்வர் ஒவ்வொரு துண்டையும் நெட்வொர்க் வழியே உங்கள் லேப்டாப்பிடம் கேட்டுக் கேட்டுத்தான் படிக்கும். ஒருமுறை இப்படிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். லேப்டாப் தூங்கிவிட்டது, இன்ஸ்டால் பாதியில் நின்றது. ஓஎஸ்ஸையே புதிதாகப் போடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு ஐஎஸ்ஓவையே அனுப்பிவிடுவது மேல்.

எந்த ஐஎஸ்ஓ? சர்வரில் ஈடிசி-யில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே 9.4 என்றால் 9.4 டிவிடியேதான். பழைய டிவிடியை வைத்தால், சர்வரில் ஏற்கெனவே புதிதாக இருக்கும் லைப்ரரிகளோடு முட்டிக்கொண்டு நிற்கும். பூட், மினிமல் என்று இருக்கும் சின்ன ஐஎஸ்ஓக்கள் இதற்கு உதவாது.

டிவிடி சுமார் 10 ஜிபி. அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் இரண்டே கால் மணி நேரம் ஆகும், அதுவும் லைன் அறுந்துபோகாமல் இருந்தால். அதனால் ஃபைலை அனுப்ப எஸ்சிபி கட்டளை வேண்டாம். ஆர்சிங்க், கூடவே பார்ஷியல் ஆப்ஷன். அறுந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், முதலிலிருந்து தொடங்காது. டெம்ப் டைரக்டரியில் வைக்காதீர்கள், சில நாளில் சிஸ்டமே துடைத்துவிடும். நான் எஸ்ஆர்வி-யின் கீழ் ஐஎஸ்ஓ என்று ஒரு டைரக்டரி வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும், ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க ஷா256சம் ஓட்டி, வரும் 64 எழுத்தை டவுன்லோட் பக்கத்தில் கொடுத்திருக்கும் செக்சம்மோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு, கடைசி நாலு பார்த்தேன் என்று சொல்லாமல் முழுசாக.

அடுத்து மவுண்ட், அதாவது ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதை ஒரு டைரக்டரியில் தெரியவைப்பது. எம்என்டி-யின் கீழ் டிவிடி என்று ஒரு காலி டைரக்டரி உண்டாக்கி, மவுண்ட், மைனஸ் ஓ, லூப் கமா ஆர்ஓ, அப்புறம் ஐஎஸ்ஓவின் பாதை, கடைசியில் அந்த டைரக்டரி. உள்ளே பேஸ்ஓஎஸ், ஆப்ஸ்ட்ரீம் என்று இரண்டு டைரக்டரி தெரிந்தால் சரி.

இனி பேக்கேஜ்களைப் போடும் கட்டளையான டிஎன்எஃப்புக்கு வழி காட்ட வேண்டும். அது பேக்கேஜ்களை எடுக்கும் இடத்துக்கு ரெப்போ என்று பெயர். ஈடிசி-க்குள் யம் டாட் ரெப்போஸ் டாட் டி-யில் டிவிடி டாட் ரெப்போ என்று ஒரு ஃபைல். அதில் பேஸ்ஓஎஸ்ஸுக்கு ஒரு பகுதி, ஆப்ஸ்ட்ரீமுக்கு ஒரு பகுதி. இரண்டும் வேண்டும், ஒன்று கேட்கும் லைப்ரரி மற்றதில் இருக்கும். பேஸ்யூஆர்எல் வரியில் ஃபைல், கோலன், அப்புறம் மூன்று ஸ்லாஷ். இரண்டு போட்டுவிட்டு அரை மணி நேரம் முழித்தவன் சொல்கிறேன், மூன்று. பேஸ்ஓஎஸ்ஸில் பி, ஓ, எஸ் மூன்றும் பெரிய எழுத்து. பேக்கேஜின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜிசெக்கை 1 என்றே விடுங்கள், அதற்கான சாவி சர்வரிலேயே இருக்கிறது.

இன்ஸ்டால் செய்யும்போது மற்ற ரெப்போக்களை டிசேபிள்ரெப்போ ஆப்ஷனில் அணைத்து, இந்த இரண்டை மட்டும் எனேபிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிஎன்எஃப், அங்கே இல்லாத இன்டர்நெட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ரீபூட் ஆனால் மவுண்ட் போய்விடும் என்று, பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். சேர்த்தால் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள், மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரும். நான் சேர்க்கவில்லை. சில மாதம் கழித்து இடம் போதவில்லை என்று ஐஎஸ்ஓவை அழித்தேன், எஃப்எஸ்டேபை மறந்தேன். அடுத்த ரீபூட்டில் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. எஸ்எஸ்எச் இல்லை, பிங் இல்லை. நான் குறை சொன்ன அந்த ஐடிராக்கின் கன்சோல்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் அந்த வரியின் முன்னால் ஒரு ஹாஷ் போட்டேன், எழுந்துவிட்டது.

வேலை முடிந்ததும் எடுத்துவைப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் எஃப்எஸ்டேப் வரியும் ரெப்போ ஃபைலும், அப்புறம் அன்மவுண்ட், கடைசியில் ஐஎஸ்ஓ. அன்மவுண்ட் செய்யும்போது பிஸி என்று சொன்னால் பெரும்பாலும் நீங்களே அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள். சிடி கொடுத்து வெளியே வாருங்கள். மவுண்ட் இருக்கும்போதே ஐஎஸ்ஓவை அழித்தால் ஃபைல் பெயர் போகும், 10 ஜிபி திரும்பி வராது. அன்மவுண்ட் செய்த பிறகுதான், காலி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையில் இடம் கூடியிருப்பது தெரியும்.