பெய்ரூட்டுக்குப் புதுசா? கேதுருக் கொடியைப் பார்த்து வையுங்கள்

லெபனானுக்கு வந்த முதல் மாதம் அறை, இக்காமா (தங்கும் அனுமதி), சிம் கார்டு என்று ஓடுவீர்கள். சரி, அதெல்லாம் முடியட்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் தெருவில் தொங்கும் கொடிகளைக் கவனியுங்கள். இந்த ஊரில் எந்தத் தெரு யாருடையது என்று கொடிதான் சொல்லும்.

கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் அஷ்ரஃபியே பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் பார்ப்பது கேதுரு மரத்தை. பைபிளில் வருகிற லீபனோனின் கேதுருதான். தேசியக் கொடியிலும் அதுவே என்பதால் குழப்பம் வரும். கோடு கோடாக வரைந்த மரம் என்றால் கதாயிப் கட்சி. சிவப்பு வட்டத்துக்குள் மரம் என்றால் லெபனீஸ் ஃபோர்ஸஸ். இரண்டுமே பெரும்பாலும் மரோனைட் என்கிற கத்தோலிக்கப் பிரிவுக் கிறிஸ்தவர்களின் கட்சிகள்தான், முதலாவதின் ஆயுதப் பிரிவை நடுவில் வைத்துத்தான் இரண்டாவது உருவானது. அதற்காக இரண்டும் ஒன்றுதானே என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

கதாயிப் என்றால் அரபியில் படைப்பிரிவுகள். 1936-இல் இதைத் தொடங்கிய பியர் ஜெமாயேல் மருந்தாளுநர், கால்பந்துக்காரர். அந்த வருடம் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர், ஹிட்லரின் ஜெர்மனியில் கண்ட கட்டுப்பாட்டில் சொக்கிப்போய்த் திரும்பி, இளைஞர்களைச் சீருடையில் அணிவகுக்க வைத்தார். 'கடவுள், தாய்நாடு, குடும்பம்' என்பது முழக்கம். இதில் குடும்பம் என்பதைக் கட்சி ரொம்பவே நம்பியது. பியருக்குப் பின் நடுவில் வேறு சிலர் தலைவர்களாக இருந்தாலும், அப்புறம் மகன் அமீன், இப்போது 2015 முதல் பேரன் சாமி தலைவர். வாரிசு அரசியலை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1943-இல் விடுதலையோடு எழுதாத ஓர் ஒப்பந்தம் வந்தது: அதிபர் மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. அந்தப் பங்கு கைவிட்டுப் போகுமோ என்கிற பயமும், ஆயுதம் ஏந்திய பாலஸ்தீன அமைப்புகள் மீதான கோபமும் சேர்ந்து கட்சியைப் போருக்கு இழுத்தன. 1975 ஏப்ரல் 13 அன்று பெய்ரூட்டின் ஐன் எல் ரும்மானே பகுதியில் பாலஸ்தீனர்கள் வந்த பேருந்து சுடப்பட்டது. உள்நாட்டுப் போர் 15 வருடம் ஓடியது.

நான் வேலை பார்த்த மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஓர் இளைஞர் படம் மாட்டியிருக்கும். "உங்கள் தம்பியா?" என்று கேட்டேன். முதலாளி பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். அது பியரின் மகன் பஷீர். 1982 ஆகஸ்ட் 23-இல் அதிபராகத் தேர்வானவர், பதவி ஏற்குமுன்பே செப்டம்பர் 14-இல் அஷ்ரஃபியே கட்சி அலுவலகத்தில் வெடித்த குண்டில் செத்துப்போனார். இரண்டே நாளில் சப்ராவிலும் ஷாதிலா அகதி முகாமிலும் அவருடைய ஆட்கள் புகுந்து பாலஸ்தீன அகதிகளைக் கொன்று குவித்தார்கள். சுற்றிலும் நின்றது இஸ்ரேல் ராணுவம். அஷ்ரஃபியேயில் முதல் கதையை மட்டும் சொல்வார்கள். ஷாதிலா பக்கம் போனால் இரண்டாவதை மட்டும். என்னைக் கேட்டால், இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கட்சித் தலைமையகம் சைஃபியில், துறைமுகத்துக்குக் கிட்டத்தில். 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் கட்சியின் பொதுச்செயலாளர் நஸார் நஜாரியன் அந்தக் கட்டடத்தில்தான் பலியானார்.

செப்டம்பர் 14-ஐ ஒட்டி அஷ்ரஃபியேயில் கூட்டம் சேரும், அன்றைக்கு அந்தப் பக்கம் வெளிவேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவ்ராவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது சர்வீஸ் டாக்ஸிக்காரர் (பலர் சேர்ந்து போகும் டாக்ஸி) எந்தக் கட்சி நல்ல கட்சி என்று பேச்சுக் கொடுத்தால், 'மா பஅரிஃப்', அதாவது தெரியாது, என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.