மாடிஃபை பண்ண மிட்சுபிஷி சீடியா, ஹோண்டா சிட்டி வி-டெக் மாதிரி வண்டிய பெங்களூர்ல விக்கறது எப்படி

முதல்ல ஒண்ணு தெளிவாயிடுங்க, மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு வண்டி விலைல திரும்ப வராது. காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்), ஹெடர்ஸ் (எக்ஸாஸ்ட் பைப்), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தறது)னு கொட்டியிருப்பீங்க, அந்த பில்ல எல்லாம் கூட்டி வண்டி மேல ஏத்தி விளம்பரம் போட்டா மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ"ன்னு மெசேஜ் மட்டும்தான் வரும். அதே மாடல் ஸ்டாக்ல, அதாவது கம்பெனி குடுத்தபடியே, சுத்தமா இருந்தா என்ன விலைக்குப் போகுதோ அங்கருந்து ஆரம்பிங்க, நல்லா பாத்துக்கிட்டதுக்கு மேல கொஞ்சம் கேக்கலாம்.

என் ஓட்டு ஸ்டாக்குக்கு மாத்திட்டு விக்கறதுக்குத்தான். பழைய எக்ஸாஸ்ட், ஸ்ப்ரிங், ஏர்பாக்ஸ் எல்லாம் பரண்ல இருந்தா இறக்கி மாட்டுங்க, கழட்டினத தனித்தனியா வித்துடுங்க, காயில்ஓவர் மட்டும் தேடிட்டிருக்கறவன் கண்டிப்பா இருப்பான், அவன் உங்க முழு வண்டிய வாங்கப்போறதில்ல. ஸ்டாக் பார்ட்ஸ தூக்கிப் போட்டுட்டீங்கன்னா ஜேசி ரோடு, சிவாஜிநகர்னு அலையணும், அதுவும் மிட்சுபிஷி இங்க கார் விக்கறதையே விட்டாச்சு, சீடியாவுக்கு ஒரு ஹெட்லைட் தேடிப் பாத்தவனுக்குத் தெரியும் அந்த வேதனை. அதனால நீங்க சேத்து வெச்ச ஸ்பேர்ஸ வண்டியோட தர்றேன்னு விளம்பரத்துலயே போடுங்க, வெளிய மாட்டுன பாடி-கிட்டை விட அதுதான் வாங்கறவன இழுக்கும்.

சட்டப்படியும் இதான் நல்லது. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இன்ஜின் ஸ்வாப் பண்ணி, அதாவது வேற இன்ஜின் மாட்டி, ஆர்சில ஏத்தாம வெச்சிருந்தா அத முதல்லயே சொல்லிடுங்க, இன்ஜின் நம்பர் ஒத்து வரலைன்னா ட்ரான்ஸ்ஃபர் மாட்டிக்கும்.

இப்ப இன்ஜின். இந்த மாதிரி வண்டின்னாலே "நல்லா அடிச்சு ஓட்டிருப்பான்"ன்னு சந்தேகம் வரும், வாயால பேசி அத போக்க முடியாது. கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்ளோன்னு பாக்கறது) எடுங்க, நாலு சிலிண்டர் ரீடிங்கும் கம்பெனி சொன்ன அளவுக்குள்ள, கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா அந்த பேப்பர் ஒண்ணே போதும். சீடியான்னா டைமிங் பெல்ட் எந்த கிலோமீட்டர்ல மாத்துனீங்க, என்ன ஆயில், எப்ப மாத்துனீங்க, ரீமேப் யார் பண்ணாங்க, ரீமேப்புக்கு முன்னாடி இருந்த ஸ்டாக் செட்டிங் கைல இருக்கான்னு பில்லோட ஒரு ஃபைல் போடுங்க. துரு, பழைய டெண்ட், ரீபெயிண்ட் எல்லாத்தையும் ரேம்ப்ல ஏத்தி போட்டோ எடுத்து நீங்களே போட்டுடுங்க. வாங்கறவன் வர்றதுக்கு முன்னாடி மட்டும் இன்ஜின சூடு பண்ணி வெக்காதீங்க, பானெட்ட தொட்டுப் பாத்ததும் எதையோ மறைக்கறான்னு முடிவு பண்ணிடுவான்.

பழைய கார் வாங்கி விக்கற கன்சல்டன்சிக்காரன் மாடிஃபை பண்ண வண்டின்னாலே விலைய அடிப்பான், நேரடி ஆளத் தேடுங்க. ரேஸ் ட்ராக்ல சொந்த வண்டிய ஓட்டிப் பாக்கற ட்ராக் டேக்கு போற கூட்டத்துல, உங்க வண்டிய ட்யூன் பண்ணவர் கிட்ட சொல்லி வைங்க. சென்னை, கோயம்புத்தூர்லருந்து ஆள் வருவாங்க, அப்ப வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த ஆர்டிஓல ஃபார்ம் 28 என்ஓசி எடுக்கணும், தமிழ்நாட்டுல டாக்ஸ் கட்டணும், அதையும் சேத்துத்தான் விலை பேசுவான், கோவிச்சுக்காதீங்க. டெல்லிலருந்து கூப்பிட்டா நேரத்த வீணாக்காதீங்க, 15 வருஷம் தாண்டுன பெட்ரோல் வண்டிக்கு அங்க பெரிய தலைவலி. 15 வருஷம் தாண்டியிருந்தா இங்கயே வாங்கறவனும் முதல்ல ஆர்சி ரின்யூ ஆயிருக்கான்னுதான் பாப்பான்.

டெஸ்ட் டிரைவ்ல முதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க, லைசென்ஸ் பாத்துட்டு அப்புறம் சாவி குடுங்க. சின்னப் பசங்க கும்பலா வந்து லாஞ்ச் பண்ணி (நின்ன இடத்துலருந்து ஒரே அழுத்தா அழுத்தி) பாக்கலாமான்னு கேட்டா சிரிச்சுட்டு அனுப்பிடுங்க.

பேப்பர் விஷயத்துல மட்டும் ஃப்ரெண்டுன்னு பாக்காதீங்க. லோன் இருந்தா அது முடிஞ்சதுக்கு ஃபார்ம் 35, சலான் பாக்கி இருந்தா கட்டிடுங்க, பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்து வாங்கி ஆர்டிஓல நீங்களே கூடப் போய் குடுங்க, ஒரே மாநிலம்னா 14 நாளுக்குள்ள தெரியப்படுத்தணும். ஆர்சில யார் பேரோ அவர்தான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்புறம், பேர் மாத்தாம வாங்கினவன் எங்கயாவது இடிச்சா நஷ்ட ஈடு உங்க வாசலுக்குத்தான் வரும். பணம் முழுசா அக்கவுண்டுல விழுந்தப்புறம் சாவி, டெலிவரி நோட்ல தேதியோட மணியும் எழுதி கையெழுத்து, ஃபாஸ்டேக் அன்னைக்கே க்ளோஸ். இன்சூரன்ஸ்ல இருக்கற நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கில்ல உங்களுக்குத்தான், கம்பெனி கிட்ட லெட்டர் வாங்கி வெச்சுட்டா அடுத்த வண்டிக்கு ஆகும்.