பி.எஃப். பென்ஷன்: கம்பெனி மாறும்போது சர்வீஸைக் காப்பாற்றுவது எப்படி?

கடலூர் சிப்காட்டில் சில வருடம், பிறகு புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சில வருடம் என்று வேலை பார்ப்பவர்கள்தான் பென்ஷனில் அதிகம் இழக்கிறார்கள். வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தோடு, படிவம் 10சி கொடுத்து பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவதே காரணம்.

முதலில் பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பத்தியைப் பாருங்கள். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 இங்கே வரும். 2014 செப்டம்பர் முதல் சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்பதால், சேர்ந்த பிறகு சம்பளம் அதற்கு மேல் போனாலும் பொதுவாக மாதம் 1,250தான் ஏறும்.

அடுத்து கணக்கு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2015இல் சேர்ந்த ஒருவர் கடலூரில் 6, புதுச்சேரியில் 14 வருடம் முடித்து 58 வயதில் ஓய்வு பெறுகிறார். சராசரி 15,000 என்று வையுங்கள். 20 வருடம் முழுதாக இருந்தால் 2 வருடம் போனஸ் உண்டு: 15,000 × 22 ÷ 70 = 4,714 ரூபாய். கடலூர்ப் பணத்தை எடுத்திருந்தால் 14 வருடம்தான், போனஸும் போச்சு: 3,000. ஆயுள் முழுக்க மாதம் 1,714 குறையும். (2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 வரம்பில்தான் கணக்கு.)

ஆகவே கம்பெனி மாறினால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். யுஏஎன் (எல்லா கம்பெனிக்கும் பொதுவான பி.எஃப். எண்) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். உடனே வேறு வேலை இல்லையென்றால் அதே 10சியில் பணத்துக்குப் பதிலாக, பழைய சர்வீஸைக் காப்பாற்றி வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.பில் முன்னால், அல்லது அப்பா பெயர் முழுதாக. இதை வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள், கம்பெனியை மூடிவிட்டால் அலைச்சல் அதிகம். வேலையை விட்ட தேதி ஏறவில்லையா? கடைசிப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

குறைந்தது 10 வருட சர்வீஸ் இருந்தால் 58இல் பென்ஷன் கேட்டு படிவம் 10டி கொடுங்கள். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். கையில் வேறு வருமானம் இருந்தால் பொறுத்திருப்பதே நல்லது.

பென்ஷன் வந்தபின் வருடா வருடம் உயிர்வாழ் சான்று கட்டாயம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். தவறினால் பென்ஷன் நிற்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டு ரேகை தேய்ந்த விரல்களை மெஷின் ஏற்காது. அவர்களுக்கு ஜீவன் பிரமாண் என்ற அரசு செயலியில் செல்போன் கேமராவுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது.